லேபிளுக்கு டாலர் வரும் வழி

சிவகாசிப் பட்டாசை இணையத்தில் ஏலம் விட முடியாது. அந்தப் பட்டாசுப் பாக்கெட்டின் மேல் ஒட்டுகிற லேபிளை விடலாம்.

2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவு, ஃப்ளிப்கார்ட், அமேசான் என்று பெயர் சொல்லியே, இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கக் கூடாது என்றது. அதற்கு முன்பும் வழி ஒன்றும் திறந்து கிடக்கவில்லை. தபாலில் வெடிபொருள் போகாது. ரயிலில் கொண்டுபோனால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. உலகின் பெரிய ஏலத் தளமான ஈபேயின் விதிகளிலும் பட்டாசுக்கு இடமில்லை. தீப்பெட்டிக்கும் இதே கதிதான். குச்சி உள்ளே இருந்தால் விமானம் ஏறாது. குச்சியைக் கொட்டிவிட்டு வெறும் பெட்டியை அனுப்பினால் அது காகிதம். யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்தக் காகிதத்துக்கு உலகத்தில் ஆள் இருக்கிறது. தீப்பெட்டி லேபிள் சேர்ப்பது தபால்தலை சேர்ப்பதைப் போலவே பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பழக்கம். சீனாவிலும் மக்காவோவிலும் அச்சான பட்டாசு லேபிள்களை அமெரிக்கர்கள் பல காலமாகச் சேர்க்கிறார்கள். அந்த வரிசையில் இந்திய லேபிளுக்கும் ஒரு நாற்காலி உண்டு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923 வாக்கில் ஊர் திரும்பியதிலிருந்து இந்தக் கரிசல் பூமி அச்சடித்துத் தள்ளிய லேபிள்களுக்குக் கணக்கில்லை. சேவல், அணில், மயில், முருகன், சினிமா நட்சத்திரம், ராக்கெட், ரேடியோ என்று எது அந்தந்தக் காலத்தில் கண்ணைப் பறித்ததோ அது லேபிள் ஏறியது. லேபிளோடு நிற்பதில்லை. ஆடிப்பெருக்கு அன்று வெளியாகும் காலண்டர் ஆல்பங்களில் பழையவை, கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்து சிவகாசியில் அச்சான சாமி படங்கள், அச்சகத்துப் பழைய புரூஃப் தாள்கள் எல்லாமே இப்போது ‘விண்டேஜ்’ என்ற தலைப்பின்கீழ் ஏலத்துக்குப் போகின்றன. எடைக்குப் போட்டால் கிலோ கணக்கில் சில்லறைதான் தேறும். ஏலத்தில் போட்டால் டாலர்.

அந்த டாலர் சிவகாசிக்கு வந்து சேரும் பாதையில் எத்தனை சுங்கச்சாவடிகள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மெஷின் இல்லாத கடைக்காரர்

1995-இல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் ஈபே ஏலத் தளத்தைத் தொடங்கியபோது அதில் விலைபோன முதல் பொருள், உடைந்துபோன ஒரு லேசர் பாயின்டர், 14.83 டாலர். பொருள் விற்றது, சரி. பணம்? வாங்கியவர் காசோலையோ மணியார்டரோ தபாலில் அனுப்புவார். விற்றவர் அது வங்கியில் மாறும்வரை காத்திருந்து பிறகு பார்சலைக் கட்டுவார். இத்தனைக்கும் வாங்குகிறவரின் பையில் கிரெடிட் கார்டு இருந்தது. அதை வாங்கிக்கொள்ள விற்பவரிடம்தான் வசதி இல்லை. கார்டு வாங்க வேண்டுமானால் வங்கியில் வணிகர் கணக்கு வேண்டும். மாத வாடகை, மெஷின் வாடகை, முன்பணம், கடையைப் பார்க்க வரும் அதிகாரி என்று அதற்கு ஒரு பெரிய சடங்கே உண்டு. வீட்டுப் பரணில் கிடந்ததை விற்கிறவருக்கு எந்த வங்கி மெஷின் கொடுக்கும்?

அந்த இடைவெளியில் பிழைத்ததுதான் பேபால். தன் பெயரில் ஒரே பெரிய வணிகர் கணக்கை வைத்துக்கொண்டு, அதன் நிழலில் லட்சக்கணக்கான சில்லறை விற்பனையாளர்களை நிற்க வைத்தது. ஈபேயும் சும்மா இருக்கவில்லை. பில்பாயின்ட் என்ற சொந்தச் சேவையை வைத்துப் போட்டி போட்டுப் பார்த்தது. விற்பவர்கள் பேபாலை விட்டு வரவில்லை. கடைசியில் 2002-இல் ஏறத்தாழ 150 கோடி டாலர் கொடுத்து பேபாலையே வாங்கியது. எதிர்க்கடையை வாங்கிப் போடுவது விருதுநகர் பஜாருக்குப் புதிய செய்தி இல்லை.

இந்தியாவில் கதை பாஸி டாட் காம் வழியாக வந்தது. 2004-இல் ஈபே அதை வாங்கி ஈபே இந்தியா ஆக்கியது. உள்நாட்டு விற்பனைக்கு ‘பைசாபே’ என்று ஒரு ஏற்பாடு. வாங்குபவர் கார்டில் கட்டிய பணம் நடுவில் நிற்கும்; பார்சல் போய்ச் சேர்ந்த பிறகு கமிஷன் கழித்துக்கொண்டு விற்றவருக்கு வரும். இன்றைக்கு எல்லாத் தளங்களும் செய்வதை அது அன்றைக்கே செய்தது. 2017-இல் ஈபே இந்தியா ஃப்ளிப்கார்ட் கைக்குப் போனது. 2018 ஆகஸ்டில் கடை மூடப்பட்டது. உள்நாட்டு ஏலம் அத்தோடு ஏறக்குறைய முடிந்தது. வெளிநாட்டுத் தளங்களில் இந்தியாவிலிருந்து விற்கும் வழி மட்டும் மூடப்படவில்லை. லேபிள் வியாபாரம் இன்று ஓடுவது அந்த வழியில்தான்.

இதற்கிடையில் ஈபேயும் பேபாலும் 2015-இல் தனித்தனிக் கம்பெனிகளாகப் பிரிந்துவிட்டன. 2018 முதல் 2021-க்குள் ஈபே பணம் வாங்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. ஆகவே இன்றைக்கு ‘நான் கார்டு வாங்குகிறேன்’ என்று எந்த ஏல விற்பனையாளரும் சொல்ல முடியாது. கார்டைத் தளம் வாங்குகிறது. தன் பங்கைக் கழிக்கிறது. மீதியை இந்திய விற்பனையாளருக்கு பேயோனீர் என்ற இடைநிலைக் கணக்கில் போடுகிறது. அங்கிருந்து உள்ளூர் வங்கிக்கு.

யார் யார் பங்கு

ஒரு கார்டு தேய்க்கப்படும்போது நான்கு கைகள் அதில் படுகின்றன. கார்டு கொடுத்த வங்கி ஒன்று. விசா, மாஸ்டர்கார்டு, ரூபே என்ற பாலம் ஒன்று. விற்பவர் பக்கத்து வங்கி ஒன்று. இணையத்தில் இந்த மூன்றையும் கோத்துக் கொடுக்கும் கேட்வே நிறுவனம் ஒன்று. கழிக்கப்படும் கட்டணத்தில் பெரும்பங்கு போவது முதல் கைக்கு, அதாவது வாங்கியவரின் வங்கிக்கு. அமெரிக்காவில் லேபிள் வாங்குகிறவர் ‘எனக்கு ரிவார்டு பாயின்ட் ஏறியது’ என்று மகிழ்ந்தால், அதில் ஒரு துளி சிவகாசியில் பார்சல் கட்டியவரின் சட்டைப்பையிலிருந்து போனது.

விற்ற பணத்தில் ஒரு பங்கு கழிவதைப் பார்த்து இந்த மாவட்டத்து வியாபாரி அதிர்ச்சி அடைய மாட்டார். மிளகாய் வற்றலுக்கும் உளுந்துக்கும் தரகு கொடுத்துப் பழகிய ஊர் விருதுநகர். நாடார் வணிகர்கள் வியாபாரத்திலிருந்தே ஒரு சிறு பங்கை மகமை என்று ஒதுக்கி வைத்தார்கள். காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை அந்தப் பணத்தில்தான் நடந்தது. தரகுக்கு ஒரு முகம் உண்டு, மகமைக்கு ஒரு கட்டடம் உண்டு. கார்டுக் கட்டணத்துக்குக் காட்ட எதுவும் இல்லை என்பதுதான் ஆள்களை உறுத்துகிறது. ஆனால் அது வாங்கித் தரும் பொருள் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் கணக்கு.

ஐம்பது லேபிள் கொண்ட ஒரு கட்டு. அமெரிக்காவில் ஞாயிறு மாலை ஏலம் முடியும்போது இங்கே திங்கள் காலை காபி நேரம். கடைசி நிமிடத்தில் இரண்டு பேர் முட்டிக்கொண்டு 20 டாலரில் நின்றது என்று வைத்துக்கொள்வோம். தபால் செலவு 8 டாலர். வாங்கியவர் கட்டுவது 28. அவருடைய மாநில விற்பனை வரி ஒரு 2 டாலர் சேர்த்து 30.

ஈபேயின் கமிஷன் பெரும்பாலான பிரிவுகளில் 13 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த 13 சதவீதம் 20 டாலருக்கு அல்ல. தபால் செலவையும், விற்பவர் கையில் ஒரு நாளும் தங்காத அந்த வரியையும் சேர்த்து முழு 30 டாலருக்கும். 3.90 போனது. ஆர்டருக்கு ஒரு நிலைக் கட்டணம் 0.40. வெளிநாட்டு ஆர்டர் என்பதற்காக இன்னொரு ஒன்றரை சதவீதம் என்று போட்டால் 0.45. ஆக 4.75 கழிந்து 23.25 மிஞ்சுகிறது. பேயோனீரிலிருந்து ரூபாயாக மாற்றி எடுக்க 2 சதவீதம் என்று கொண்டால் 22.78. தபாலுக்கு 8 போனால் கையில் 14.78. அதாவது 20 டாலர் சரக்குக்கு கால் பங்குக்கு மேல் வழியிலேயே இறங்கிவிட்டது. சதவீதங்கள் பிரிவுக்குப் பிரிவு, ஆண்டுக்கு ஆண்டு ஓரளவு மாறும்; கணக்கின் போக்கு மாறாது.

இப்போது அதே கணக்கை ஒரே ஒரு லேபிளுக்குப் போடுங்கள். ஏலம் 5 டாலர், தபால் 8, வரி 1. கமிஷன் 1.82, நிலைக் கட்டணம் 0.40, வெளிநாட்டுக் கட்டணம் 0.21. மீதி 10.57. ரூபாயாக்கி, தபாலைக் கழித்தால் 2.36. பாதிகூட இல்லை.

புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். சதவீதத்தைப் பார்த்துச் சண்டை போடுகிறார்கள். தளம் 13 வாங்குகிறதா 12 வாங்குகிறதா என்பது சின்ன விஷயம். கமிஷன் தபால் செலவின் மேலும் விழுகிறது, ஆர்டருக்கு ஒரு நிலைக் கட்டணம் இருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்து சின்னச் சரக்கைத் தின்றுவிடுகின்றன. ஆகவே ஒற்றை லேபிள் விற்பது புகழுக்கு. கட்டாக விற்பது பிழைப்புக்கு. அரிதான லேபிளை மட்டும் தனியாக ஏலம் விட்டு, மற்றதை ஐம்பது, நூறு என்று சேர்த்துப் போடுவதே புத்திசாலித்தனம்.

தெரிந்த வாடிக்கையாளர் ‘நேரடியாக பேபாலில் அனுப்பட்டுமா?’ என்று கேட்பதுண்டு. பேபாலில் வெளிநாட்டுப் பணம் வாங்க 4.4 சதவீதமும் ஆர்டருக்கு 0.30 டாலரும் என்பது பழகிய கணக்கு. அதே 28 டாலரில் 1.53 கழியும். அங்கே பெரிய வெட்டு பட்டியலில் தெரியாது. டாலரை ரூபாயாக்கும்போது சந்தை விலையைவிட மூன்று நான்கு சதவீதம் குறைத்துத்தான் போடுகிறார்கள். அதில் இன்னும் ஒரு டாலர் அளவுக்குப் போகும். எல்லாம் போகக் கையில் பதினேழரை நிற்கும். தளம் வழியாக வந்ததைவிட இரண்டே முக்கால் டாலர் கூடுதல். ஆசைதான். ஆனால் ஏலத்தில் சந்தித்த ஆளை வெளியே கூட்டிப்போய் வியாபாரம் முடிப்பதை ஈபே அனுமதிப்பதில்லை. கண்டுபிடித்தால் கணக்கையே முடக்கும். பல வருடங்களில் சேர்த்த நல்ல பெயர், நட்சத்திரங்கள் எல்லாம் அத்தோடு போகும். இரண்டே முக்கால் டாலருக்கு அது கட்டுப்படியாகாது.

பணம் திரும்பிப் போவது

கார்டுப் பணம் வந்துவிட்டால் வந்ததுதான் என்று நினைக்கக் கூடாது. கார்டு வைத்திருப்பவர் தன் வங்கியிடம் ‘பொருள் வரவில்லை’, ‘படத்தில் பார்த்தது வேறு’, ‘நான் வாங்கவே இல்லை’ என்று சொன்னால் போதும். பணம் முதலில் திரும்பிப் போகும், விசாரணை பிறகு நடக்கும். சார்ஜ்பேக் என்கிற இந்த உரிமைக்குப் பொதுவாக நான்கு மாதம் வரை அவகாசம். பேபாலில் புகார் தர 180 நாள். கேஸில் தோற்றால் பணத்தோடு தண்டமும் உண்டு. ஈபேயில் அந்தத் தண்டம் 20 டாலர். ஐந்து டாலர் லேபிளுக்கு இருபது டாலர் அபராதம்.

நம் ஊர்க் கார்டில் இந்தத் தொல்லை குறைவு. 2009 ஆகஸ்டிலிருந்து இணையத்தில் இந்தியக் கார்டைப் பயன்படுத்த இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி வைத்துவிட்டது. இன்று எல்லோருக்கும் பழகிப்போன ஓடிபி அதிலிருந்து வளர்ந்ததுதான். அமெரிக்கக் கார்டு பெரும்பாலும் ஓடிபி கேட்பதில்லை. எண்ணும் காலாவதி தேதியும் முதுகில் உள்ள மூன்று இலக்கமும் போதும். அவர்களுக்கு வசதி, இங்கே விற்பவருக்கு வயிற்றில் புளி.

இதற்கு மருந்து ஒன்றுதான், போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி. சாதாரணத் தபாலில் லேபிளை உறையில் போட்டு அனுப்புவது மலிவு, ஆனால் ‘வரவில்லை’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் காட்ட ஒன்றும் இல்லை. அஞ்சல் துறையின் சர்வதேச டிராக்டு பாக்கெட் சேவை இரண்டு கிலோ வரை எடுத்துக்கொள்கிறது. எண் உண்டு, எங்கே போகிறது என்று பார்க்கலாம். கட்டணம் கூடும். அந்தக் கூடுதலும் தபால் செலவு என்பதால் அதற்கும் 13 சதவீதம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத இடம்.

2025-இல் இதற்கும் ஒரு சோதனை வந்தது. 800 டாலர் வரையிலான பார்சலுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா ஆகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டது. யார் வரியை வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்பது தெளிவாகாததால் இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்கான பெரும்பாலான தபால்களை நிறுத்தியது. அக்டோபரில்தான் மறுபடி தொடங்கியது. ஏலம் முடிந்து, கார்டில் பணமும் வந்துவிட்ட நிலையில் பார்சல் மட்டும் போகாமல் நின்றால், நான் மேலே சொன்ன சார்ஜ்பேக் கடிகாரம் நிற்பதில்லை.

ரிசர்வ் வங்கியின் கண்

வெளிநாட்டுப் பணம் என்பதால் கமிஷனோடு காகிதமும் சேரும். 2010 நவம்பரில் ரிசர்வ் வங்கி இணையவழி ஏற்றுமதிப் பணத்துக்கு விதி போட்டது. ஒரு பரிவர்த்தனைக்கு 500 டாலருக்கு மேல் கூடாது, வந்த பணத்தை பேபாலிலேயே வைத்துக்கொண்டு வேறு பொருள் வாங்கக் கூடாது, குறிப்பிட்ட நாளுக்குள் இந்திய வங்கிக் கணக்குக்கு வந்தாக வேண்டும் என்று. அந்த உச்சவரம்பு 2011-இல் 3,000 ஆகவும் 2013-இல் 10,000 ஆகவும் உயர்ந்தது. 2023 அக்டோபர் 31 அன்று எல்லை தாண்டிய பணப் பரிமாற்ற நிறுவனங்களுக்கென்றே தனி விதிமுறை வந்தது. சரக்குக்கும் சேவைக்கும் ஒரு தடவைக்கு 25 லட்சம் ரூபாய் வரை. லேபிள் விற்பவருக்கு அந்த உயரம் எட்டாக் கனி. அவருக்கு வேண்டியது வேறு. பான் எண், 500 ரூபாய் கட்டி வாங்கும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு, பணம் எதற்காக வந்தது என்று சொல்லும் பர்பஸ் கோடு, தபாலில் ஏற்றுமதி செய்ததற்கான பில். இவை இல்லாமல் வருகிற டாலர், ஒரு நாள் வங்கி மேலாளர் கூப்பிட்டு ‘இது என்ன பணம் அண்ணாச்சி?’ என்று கேட்கும்போது பதில் இல்லாத டாலர்.

பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் நடக்கும் பணப்பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது; வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டும் இருக்கிறது. மதுரைக்காரர் சிவகாசிக்காரருக்குப் பணம் அனுப்ப அமெரிக்காவைச் சுற்றி வர வேண்டியதில்லை என்ற அளவில் யாருக்கும் நட்டமில்லை.

பழைய லேபிளில் இன்னொரு வில்லங்கம் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள கலைப்பொருளுக்கு நூறு வயது ஆகிவிட்டால் அது தொல்பொருள். தனியார் அதை ஏற்றுமதி செய்யக் கூடாது. சிவகாசியின் முதல் தீப்பெட்டிகள் 1923-க்குப் பிறகு வந்தவை. தாத்தா காலத்துத் தீப்பெட்டி லேபிளைத் தொல்பொருள் என்று எந்த அதிகாரியாவது சொல்வாரா? சொன்னால் மறுக்க வாதம் இருக்கிறதா? ‘1920-களின் அரிய லேபிள்’ என்று ஏலத்தில் தலைப்பு வைப்பவர் கொஞ்சம் யோசித்து வைப்பது நல்லது. ஆண்டைக் கூட்டிச் சொன்னால் விலை ஏறும் என்பது எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மை, அந்த ஆண்டே எதிர்சாட்சி ஆகும் என்பதும்.

உள்ளூர்க் கணக்கு

சென்னையிலோ பெங்களூருவிலோ உள்ள ஒருவர் பழைய காலண்டர் ஆல்பத்தை 5,000 ரூபாய்க்குக் கேட்கிறார், கிரெடிட் கார்டில் கட்டுகிறேன் என்கிறார். கேட்வே நிறுவனங்கள் பரவலாக வாங்கும் 2 சதவீதம் 100 ரூபாய். அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 18 ரூபாய். ஆக 118. கிரெடிட் கார்டுக் கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைக்கவில்லை. டெபிட் கார்டுக்கு 2018 முதல் உண்டு: ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு வணிகருக்கு 0.40 சதவீதம், அதுவும் 200 ரூபாயைத் தாண்டக் கூடாது, பெரியவர்களுக்கு 0.90, உச்சம் 1,000. ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் 2020 ஜனவரி 1 முதல் பூஜ்யம்.

அந்தப் பூஜ்யம் வந்த பிறகு மற்ற எல்லா எண்ணும் பெரிதாகத் தெரிகிறது. டீக்கடையில் ஒட்டிய சதுரக் கட்டத்தைக் காட்டி ஸ்பீக்கர் கத்தினால் பணம் வந்துவிட்டது. ஒரு பைசா பிடித்தமில்லை. பிறகு ஏன் ஒருவர் இரண்டு சதவீதம் கொடுப்பார்? ‘கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் சேரும், ஜிபே பண்ணிருங்க அண்ணாச்சி’ என்பது இன்று கடைக்குக் கடை கேட்கிற வசனம்.

பூஜ்யம் என்றால் செலவே இல்லை என்பதல்ல. வேறு யாரோ கொடுக்கிறார்கள். 2024-25 ஆண்டுக்கு மட்டும் சிறு வணிகர்களின் யுபிஐ பரிவர்த்தனையை ஊக்குவிக்க 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2,000 ரூபாய்க்குட்பட்ட பரிவர்த்தனைக்கு 0.15 சதவீதம் என்று வங்கிகளுக்குப் போகிற பணம். வரி கட்டுபவர்கள் கூடிக் கொடுக்கும் கமிஷன் அது.

அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. கார்டுக் கட்டணம் வாங்கித் தரும் பொருள் என்று முன்பு சொன்னேனே, அது இதுதான்: ஏமாந்தவருக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்க ஒரு வழி. விற்பவர் கொடுக்கிற இரண்டு சதவீதம் வாங்குபவரின் காப்பீடு. அது இருப்பதால்தான் ஒஹையோவில் இருக்கும் ஒருவர், வரைபடத்தில்கூடத் தேடிப் பார்த்திராத ஊரிலிருக்கும் முகம் தெரியாத ஆளுக்கு 28 டாலரைக் கூசாமல் கட்டுகிறார். யுபிஐயில் நீங்களே பின் நம்பரைப் போட்டு அனுப்பிய பணம், எதிராளி திருடன் என்றாலும், அனுப்பியதுதான். வங்கி பிழையால் தவறிப்போன பணத்தைத் திருப்ப முறை உண்டு. ஏமாந்து அனுப்பிய பணத்துக்குக் காவல் நிலையம்தான்.

இதன் விலை என்ன என்பது ஒவ்வொரு தீபாவளிக்கும் சிவகாசியின் பெயரில்தான் தெரிகிறது.

எஸ்டிமேட் வியாபாரம்

இணையத்தில் பட்டாசு விற்கக் கூடாது என்று உத்தரவு இருக்க, புரட்டாசி பிறந்தால் சிவகாசிப் பட்டாசு என்று நூற்றுக்கணக்கில் வலைத்தளங்கள் முளைக்கின்றன. எப்படி? அவை விற்பதில்லை, எஸ்டிமேட் போடுகின்றன. கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்குசக்கரம் என்று பட்டியலில் எண்ணிக்கையை நிரப்பினால், 80 சதவீதத் தள்ளுபடி போக இவ்வளவு என்று ஒரு தொகை காட்டும். ‘என்குயரி’ என்று ஒரு பொத்தான். அமுக்கினால் வாட்ஸ்அப்பில் ஆள் வருவார். பணம் ஜிபே அல்லது வங்கிக் கணக்கு. சரக்கு லாரி ஆபீஸுக்கு வரும், நீங்கள் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். தளத்தில் கார்டு கட்டும் இடமே இருக்காது. இருக்கவும் முடியாது. பட்டாசைத் தடைப்பட்டியலில் வைத்திருக்கும் கேட்வே நிறுவனங்கள் பல. பொத்தானை அமுக்கிப் பணம் கட்டிய கணமே அது ஆன்லைன் விற்பனை ஆகிவிடும் என்ற சட்டச் சிக்கல் வேறு.

இப்படிச் செய்பவர்களில் பெரும்பாலோர் உரிமம் வைத்து, கடை வைத்து, ஒழுங்காகச் சரக்கு அனுப்புகிறவர்கள். ஆனால் அதே வடிவில் ஒரு தளத்தை ஒரு மோசடிக்காரன் அரை நாளில் செய்துவிடலாம். பிரபலக் கடையின் பெயரை எடுத்துக்கொள்கிறான், பெட்டிப் படங்களை எடுத்துக்கொள்கிறான், சமூக வலைத்தளத்தில் விளம்பரம் போடுகிறான். பணம் வந்ததும் எண் அணைந்துவிடும். தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவு பண்டிகைக்கு முன்பு எச்சரிக்கை விடுவது வாடிக்கையாகிவிட்டது. ஏமாந்தால் 1930-ஐ அழையுங்கள் என்கிறார்கள். உடனே அழைத்தால், போன பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. தீபாவளி கழிந்து பெட்டி வரவில்லையே என்று அழைத்தால் அந்த வாய்ப்பும் கரைந்திருக்கும்.

இந்த ஊர் வியாபாரம் இப்படி நம்பிக்கையை வெட்ட வெளியில் விட்டுப் பழகியதல்ல. முன்பின் தெரியாத வடநாட்டு வியாபாரிக்குச் சரக்கு ஏற்றினால், லாரி ரசீதை அவருக்கு நேரே அனுப்பாமல் வங்கி வழியாக அனுப்பும் முறை ஒன்று இருந்தது. அவர் தன் ஊர் வங்கியில் பணத்தைக் கட்டினால்தான் ரசீது கைக்கு வரும். ரசீதைக் காட்டினால்தான் லாரி ஆபீஸில் சரக்கு இறங்கும். நடுவில் நின்றதற்கு வங்கி கமிஷன் எடுத்துக்கொள்ளும். பைசாபேயும் ஈபேயும் கணினியில் செய்தது இதைத்தான். கமிஷன் அன்றும் உறுத்தியிருக்கும். ஆனால் ஐந்தாயிரம் ரூபாய்ப் பட்டாசுக்கு 118 ரூபாய் கமிஷன் கொடுத்து நடுவில் ஒரு காவலை நிறுத்த வழி இருந்தால், இன்று அதைக் கொடுக்க வாங்குபவரே முன்வருவார் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வழி இல்லை. உரிமம் பெற்ற நேர்மையான கடைக்காரர் ‘இரண்டு சதவீதம் என் கணக்கு, கார்டில் கட்டுங்கள், பெட்டி வராவிட்டால் உங்கள் வங்கியே திருப்பி வாங்கித் தரட்டும்’ என்று சொல்ல நினைத்தாலும் சொல்ல முடியாது. தன்னையும் போலித் தளத்தையும் பிரித்துக் காட்ட அவருக்கு இருக்கும் ஒரே நல்ல சாட்சி சட்டத்தால் அவர் கைக்கு எட்டாமல் போய்விட்டது. அவரால் கொடுக்க முடிந்தது கடை முகவரியும் வெடிமருந்துச் சட்ட உரிம எண்ணும்தான்; அந்த இரண்டையும் எவனும் நகலெடுத்து ஒட்டலாம்.

சாத்தூர் சாலையிலோ விருதுநகர் சாலையிலோ உள்ள கடைக்கு நேரில் வந்து, பெட்டியைக் கண்ணால் பார்த்து எண்ணி வாங்கி, கவுன்டரில் கார்டைத் தேய்த்தால் அது சட்டப்படி சரியான வியாபாரம். சார்ஜ்பேக் உரிமையும் அப்போது உண்டு. பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு காரில் ஏற்றுகிறவருக்கு அது எதற்கு?